ஜூடோ தங்கமும் கூண்டுச் சண்டையும்: நம் வீட்டுப் பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்கிறார்கள்?

கடந்த 2025 ஜூன் 7ஆம் தேதி அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நடந்த யு.எஃப்.சி. 316 போட்டியில், கேய்லா ஹாரிசன் என்ற வீராங்கனை தன் எதிராளி ஜூலியானா பெனாவின் கையை முறுக்கிப் பூட்டி, இரண்டாவது சுற்றிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். பேண்டம்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன் பட்டம் அவர் இடுப்புக்கு வந்தது. எங்கோ அமெரிக்காவில் நடந்த சண்டையில் நமக்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இவர் யாரோ ஒரு சண்டைக்காரர் அல்ல. 2012 லண்டன், 2016 ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் 78 கிலோ பிரிவு ஜூடோவில் தங்கம் வென்றவர். அமெரிக்காவுக்கு ஜூடோவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கமே இவருடையதுதான். உலகம் மதிக்கும் ஒரு விளையாட்டின் உச்சியில் நின்றவர், அதை விட்டுவிட்டுக் கூண்டுக்குள் போய் முகத்தில் குத்தும் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். அது ஏன் என்பதையும், அந்த இரண்டுக்கும் மார்க்கத்தின் பார்வையில் என்ன வேறுபாடு என்பதையும் நாம் பேசியாக வேண்டியிருக்கிறது.

காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. தென்னூரிலும் பாலக்கரையிலும் காஜாமலையிலும் பிள்ளைகள் கராத்தே, ஜூடோ, சிலம்பம், பாக்ஸிங் என்று வகுப்புகளுக்குப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்தான். அதே பிள்ளைகளின் கைப்பேசியில் ஓடுவதோ கபீப் நூர்மகமேதோவின் வீடியோக்கள். "ஹஜ்ரத், பையன் ஜூடோ கத்துக்கலாமா?" என்று கேட்கும் அத்தாமார்கள் உண்டு. "கபீபே செய்றாரு, நாங்க செய்யக்கூடாதா?" என்று கேட்கும் பையன்களும் உண்டு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதிலைச் சொல்லி அனுப்புவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் ஜூடோ. ஜப்பானில் 1882இல் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் உருவாக்கிய கலை இது. பழைய தற்காப்பு முறைகளில் ஆளை முடமாக்கக்கூடிய பிடிகளை ஒதுக்கிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளும் பாதுகாப்பாகப் பழகும்படி அதை வடிவமைத்தார். போட்டியில் குத்துவதும் உதைப்பதும் கிடையாது. எதிராளியை முதுகு தரையில் படும்படி முழுமையாக வீழ்த்தினால் ஆட்டம் அதோடு முடிந்தது. கழுத்தை நெருக்குவதும் கையைப் பூட்டுவதும் வளர்ந்தவர்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் எதிராளி கையால் தட்டிய அந்த நொடியிலேயே விட்டுவிட வேண்டும். முதல் நாள் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதே அடிபடாமல் எப்படி விழுவது என்பதைத்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது.

நபி (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லருடன் மல்யுத்தம் செய்து அவரை வீழ்த்தியதாக அபூதாவூத், திர்மிதி நூல்களில் செய்தி உள்ளது. இதன் அறிவிப்பாளர் தொடரை இமாம் திர்மிதி வலுவானதாகக் கருதவில்லை. வேறு வழிகளைக் கொண்டு ஏற்றுக்கொண்ட அறிஞர்களும் இருக்கிறார்கள். உஹதுப் போருக்கு முன் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைத்து, தனக்குக் கிடைக்காதபோது, "அவரை நான் வீழ்த்திவிடுவேன்" என்று சமுரா இப்னு ஜுன்துப் (ரலி) சொன்னதையும், இருவரும் நபியவர்கள் முன்னிலையில் மல்யுத்தம் செய்து சமுரா வென்றதையும் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இருவருமே அப்போது சிறுவர்கள். உடல் வலிமையைச் சோதிக்கும் மல்யுத்தத்துக்கு மார்க்கத்தில் இடம் உண்டு என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. ஜூடோவில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு: வணக்கம் சொல்லும் முறையாக அவர்கள் குனிவது. ருகூஉ போன்ற குனிதலை அல்லாஹ் அல்லாத யாருக்கும் செய்யக்கூடாது என்பதை பயிற்சியாளரிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி, தலையை லேசாக அசைப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கூண்டுக்கு வருவோம். 'மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ்', சுருக்கமாக எம்.எம்.ஏ. யு.எஃப்.சி.யின் முதல் போட்டி 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் நடந்தபோது, விதிகளே இல்லாத சண்டை என்றுதான் அதை விளம்பரப்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதர்களை வைத்து நடத்தும் சேவல் சண்டை என்று வர்ணித்து, மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதித் தடை செய்யச் சொன்னார். கரூர் பக்கம் சேவல் கட்டு பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீடு சொல்லாமலே புரியும். அதன் பிறகு விதிகள் வந்தன, எடைப் பிரிவுகள் வந்தன, மருத்துவப் பரிசோதனை வந்தது. கண்ணைக் குத்தக் கூடாது, பிடரியில் அடிக்கக் கூடாது என்றெல்லாம் தடைகள் உண்டு. 'இப்போதெல்லாம் இது ஒழுங்கான விளையாட்டுதான்' என்று சொல்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

மீதிப் பாதி இது. கையுறையின் எடை சுமார் 4 அவுன்ஸ்தான். குத்துச்சண்டைக் கையுறையில் பாதி, அல்லது அதற்கும் குறைவு. கீழே விழுந்தவரின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தலாம், முழங்கையால் இடிக்கலாம். எதிராளி நினைவிழப்பதும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலைக்குப் போவதும் வெற்றிக்கான வழிகள். ஜூடோவில் அடிபட்டால் அது விபத்து. இங்கே அடிதான் நோக்கம். ஆளும் ஒன்று, அவர் கற்ற வித்தையும் ஒன்று; ஆனால் அந்த வித்தையால் வீழ்த்திய பிறகு என்ன செய்யலாம் என்ற விதி மாறிவிட்டது. சட்டம் மாறுவது அந்த இடத்தில்தான்.

சண்டையிட நேர்ந்தால் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பார்க்கிறோம். ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் கவுன்சில் 1987 அக்டோபரில் (ஹிஜ்ரி 1408 ஸஃபர்) மக்காவில் கூடிய தன் பத்தாவது அமர்வில் இதை நேரடியாக ஆராய்ந்தது. குத்துச்சண்டை கூடாது என்றது. பார்வை இழப்பு, மூளைப் பாதிப்பு, மரணம் வரை கொண்டுபோகக்கூடிய அடியை, அடித்தவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லாமல் அனுமதிப்பது மார்க்கத்தில் இல்லை என்பது அதன் வாதம். அதே அமர்வு, ஒருவரையொருவர் துன்புறுத்துவதை ஆகுமாக்கிக்கொள்ளும் 'முஸாரஆ ஹுர்ரா'வையும் தடுத்தது. தீங்கு இல்லாத, உடற்பயிற்சிக்கான மல்யுத்த வகைகளை அனுமதித்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. முஸாரஆ ஹுர்ரா என்பதை அப்படியே 'ஃப்ரீ ஸ்டைல் மல்யுத்தம்' என்று மொழிபெயர்த்தால், ஒலிம்பிக்கில் நடக்கும் மல்யுத்தமும் ஹராம் என்று ஆகிவிடும். கவுன்சில் பார்த்தது பெயரை அல்ல, உள்ளே நடப்பதை. எம்.எம்.ஏ. என்ற பெயர் அந்தத் தீர்மானத்தில் இல்லை; அந்த விளையாட்டே அப்போது இன்றைய வடிவில் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அங்கே சொல்லப்பட்ட காரணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது என்பதே நம் கருத்து. முகத்தில் அடிக்காமல், தலைக்காப்பு அணிந்து, தற்காப்புக்காக மட்டும் இதன் நுணுக்கங்களைப் பழகுவதை அனுமதிக்கும் இக்கால அறிஞர்கள் இருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. தொழில்முறைக் கூண்டுச் சண்டை அந்த எல்லைக்குள் வராது. 'இருவரும் சம்மதித்துத்தானே சண்டை போடுகிறார்கள்' என்று இளைஞர்கள் கேட்பார்கள். உடல் நமக்குக் கொடுக்கப்பட்ட அமானிதம். அதை உடைத்துக்கொள்ள நாம் கொடுக்கும் சம்மதத்துக்கு ஃபிக்ஹில் மதிப்பில்லை.

கபீப் விஷயம். தாகெஸ்தானில் பிறந்தவர், அவருடைய தந்தை அப்துல்மனாப் ஜூடோ, சாம்போ இரண்டிலும் தேர்ந்த பயிற்சியாளர். 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல், 2020 அக்டோபரில், தந்தை இறந்த சில மாதங்களிலேயே, அவர் இல்லாமல் சண்டையிட மாட்டேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குப்படி விலகினார். பெற்றோரிடம் அந்தப் பணிவு, தொழுகையில் பேணுதல், இவற்றை நம் பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் புகழ் பெற்ற ஒரு முஸ்லிம் செய்வது மார்க்க ஆதாரம் ஆகாது. 2018 அக்டோபரில் லாஸ்வேகஸில் கோனர் மெக்ரெகரை வென்ற கையோடு, கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர் மீது பாய்ந்தவரும் அதே கபீப்தான். மார்க்கத்தையும் தந்தையையும் இழிவாகப் பேசியிருந்தார்கள் என்பது உண்மை. டிக்கெட் விற்பதற்காக அப்படிப் பேச வைப்பதும் அந்தத் தொழிலின் ஒரு பகுதி. 5 லட்சம் டாலர் அபராதமும் 9 மாதத் தடையும் வந்தன. மல்யுத்தத்தில் ஆளை வீழ்த்துபவன் அல்ல, கோபத்தின்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்ற நபிமொழியை நாம் அந்த வாரம் எத்தனை பேருக்கு நினைவூட்டினோம் என்று தெரியவில்லை. சமூக ஊடகங்களில் நம்மவர்கள் பலர் கைதட்டிக் கொண்டிருந்தார்கள்.

இனி, நாம் பெரும்பாலும் பேசாமல் விடும் பகுதி: பணம். ரியோவில் ஒரு தங்கத்துக்கு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கொடுத்த பரிசு 25,000 டாலர். கேய்லா 2018இல் பி.எஃப்.எல். என்ற எம்.எம்.ஏ. நிறுவனத்தின் மேடையில் இறங்கினார். 2019இலும் 2021இலும் அதன் தொடரை வென்றபோது ஒவ்வொரு முறையும் 10 லட்சம் டாலர். அதாவது ஒலிம்பிக் பரிசைப் போல் 40 மடங்கு. வாழ்நாள் முழுதும் ஒரே வித்தையைப் பழகிய ஒருவரிடம் போய், 'அங்கே போகாதே' என்று சொல்வது எளிது. இங்கே என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டால்?

நம் நாட்டிலும் இதே பாதைதான். மகாவீர் சிங் போகாட்டின் மகள் ரிது போகாட், 2016 காமன்வெல்த் மல்யுத்த சாம்பியன்ஷிப்பில் தங்கமும், 2017இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் வெள்ளியும் வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்த 2019இல் மல்யுத்தத்தை விட்டு சிங்கப்பூரின் 'ஒன்' நிறுவனத்தில் சேர்ந்தார். முசாஃபர்நகர் மாவட்டத்தின் பூஜா தோமர், வூஷூவில் தேசிய சாம்பியன். 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஜூடோவில் இந்தியா இதுவரை ஒலிம்பிக் பதக்கம் வாங்கியதே இல்லை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் சுசீலா தேவியும் துலிகா மானும் வெள்ளி, விஜய் குமார் யாதவ் வெண்கலம் வென்றார்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள கபில் பர்மார் வெண்கலம் வென்றார். இவர்களில் எத்தனை பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியும்? கபீபின் சண்டைக் கணக்கை மட்டும் தலைகீழாக ஒப்பிப்பார்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: கூண்டில் அணியும் உடையும், ஆண்கள் நிறைந்த அந்தச் சூழலும் நமக்கு ஒத்துவராது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் தற்காப்புக் கற்பதையே தடுத்துவிடாதீர்கள். பெண் பயிற்சியாளர், தனி வகுப்பு, முறையான உடை இருந்தால் போதும். 2012 லண்டனில் சவூதியின் வுஜ்தான் ஷஹர்கானி ஜூடோ விரிப்பில் இறங்கியபோது, தலைமறைப்பு ஆபத்து என்று முதலில் மறுத்த சர்வதேச ஜூடோ அமைப்பு, பிறகு தலையை மறைக்கும் பொருத்தமான துணியை அனுமதித்தது. அவர் 82 நொடிகளில் தோற்றார் என்பது வேறு விஷயம்.

கேய்லாவின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதைப் பெற்றோர்கள் அறிய வேண்டும். சிறுமியாக இருந்தபோது அவரை ஆண்டுக்கணக்கில் சீரழித்தவர் அவருடைய ஜூடோ பயிற்சியாளர்தான். அந்த ஆள் சிறைக்குப் போனார். கேய்லா அதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசினார். எந்த விளையாட்டு ஹலால் என்று விசாரிக்கும் நாம், யாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறோம் என்பதை விசாரிக்கிறோமா? வகுப்பு நடக்கும்போது பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில், எவ்வளவு பெரிய மாஸ்டராக இருந்தாலும், பிள்ளையைச் சேர்க்காதீர்கள். ஜூடோவிலும் தலையில் அடிபடும். யு.எஃப்.சி.யின் பெண்கள் பிரிவைப் பிரபலமாக்கிய ரோண்டா ரௌசி, 2008இல் ஜூடோவில் ஒலிம்பிக் வெண்கலம் வென்றவர். ஜூடோ காலத்திலேயே தலையில் பலமுறை அடிபட்டதை மறைத்துக்கொண்டே ஆடியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். பிள்ளை தலைசுற்றுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளையாட்டில் ஆர்வமுள்ள பையனை ஜூடோவிலேயே நிறுத்திவைக்க வேண்டுமானால் அவனுக்கு அங்கே ஒரு வாழ்க்கை தெரிய வேண்டும். தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ராணுவம், ரயில்வே, துணை ராணுவப் படைகளிலும் விளையாட்டு வழியே ஆள் எடுக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுக்கு இடம் உண்டு. நம் ஜமாஅத்துகளின் கல்வி உதவித் திட்டங்களில் டியூஷன் கட்டணத்துக்குக் கொடுக்கிறோம். ஜூடோ உடை, மாநிலப் போட்டிக்குப் போகும் ரயில் கட்டணம் என்று யாராவது மனு கொடுத்தால் நிர்வாகிகள் சிரிக்காமல் வாங்கிப் பரிசீலிக்கட்டும். காஜாமலை அண்ணா விளையாட்டரங்க அலுவலகத்தில் எந்தெந்தப் போட்டிகள், எந்தெந்தச் சான்றிதழ்கள் வேலைவாய்ப்புக்குக் கணக்கில் எடுக்கப்படும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் நடத்தும் 'தேசிய' போட்டிகளின் பளபளப்பான சான்றிதழ்கள் பல அந்தக் கணக்கில் வருவதில்லை. பணம் கட்டிப் பிள்ளையை அனுப்புவதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள்.