தபேலாவை நிறுத்தியவர்



போன மாதச் சுவர்ப் பத்திரிகையில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர், மெஷினில் போடுகிற பாட்டெல்லாம் பாட்டே இல்லை என்று எழுதியிருந்தார். அடியில் சிவப்பு ஸ்கெட்ச்சில் ரெண்டு கோடு வேறு. அதைப் படித்ததும் எங்க வகுப்பில் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். ஏன்னா எங்க அப்பா தவில் வாசிக்கிறவர். நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். இப்போ கேட்டால் ஆட்ட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எங்க வீட்டுக் கதை. எங்க தெரு அம்மன் கோயிலில் தினமும் சாயங்காலப் பூஜைக்கு அப்பாவும், நாயனம் வாசிக்கிற பெரியப்பாவும் போவாங்க. பெரிய பணம் கிடையாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது இல்லையா, அந்த மாசங்களில் எங்க வீட்டு அரிசி அந்தக் காசில்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கோயிலுக்கு மோட்டார் மேளம் வந்தது. சுவிட்சைப் போட்டால் முரசு, மணி, ஜால்ரா எல்லாம் ஒண்ணா அடிக்கும். அன்றைக்கு அப்பா ஒண்ணும் பேசலை. தவிலுக்கு உறை போட்டு மூலையில் வைத்தார், அவ்வளவுதான். அதிலிருந்து எனக்கு மெஷின் என்றாலே எரிச்சல்.

பெரியப்பா மகன் இன்னிசைக் கச்சேரியில் ரிதம் பேட் வாசிக்கிறார். நான் அவரையும் திட்டுவேன். ஒருநாள் அவர், "இதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டு" என்று சொல்லி போனில் ஒரு ஆல்பம் போட்டார். சரண்ஜித் சிங் என்பவர் 1982-இல் பம்பாயில் செய்தது. இந்தித் திரைப்பாடல்களுக்கு ஸ்டுடியோவில் கருவி வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். ஆர்.டி.பர்மன் இசையிலும் வாசித்திருக்கிறார். ஆனால் பாட்டைக் கேட்கிற நமக்கு அவர் பெயர் தெரியாது.

அந்த ஆல்பத்தில் பத்து ராகங்கள். எல்லாம் டிஸ்கோ தாளத்தில். பாடுகிறவர் யாரும் இல்லை. தபேலாவும் இல்லை. அப்போ இந்திப் படங்களில் எங்கே பார்த்தாலும் டிஸ்கோவாம். அதை வைத்தே வேறு ஏதாவது செய்வோம் என்று நினைத்து, தபேலாவை நிறுத்திவிட்டு மூன்று மெஷின்களை வைத்துக்கொண்டார். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனியுடையது. ஜூபிடர்-8 என்ற கீபோர்டில் ராகத்தைக் கையால் வாசித்தார். டிஆர்-808 தாளம் போட்டது. கீழே குமுகுமுவென்று ஓடுகிற சத்தம் டிபி-303 என்ற சின்னப் பெட்டியுடையது.

அந்தச் சின்னப் பெட்டி கதைதான் எனக்குப் பிடித்தது. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் கிடைக்காதவர்களுக்குத் துணையாக 1981-இல் அதைக் கொண்டுவந்தார்கள். உண்மையான கிட்டார் மாதிரி இல்லை என்று அதிகம் பேர் வாங்கலை. 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதில் ஒவ்வொரு ஸ்வரமாக நாமே பதிய வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டு போகச் சொல்லலாம். எங்கே அழுத்தம் வேண்டும் என்றும் சொல்லலாம். நம்ம ராகங்களுக்கும் அந்த வழுக்கல் வேண்டும் இல்லையா! அமெரிக்காவில் சிகாகோ நகரத்து இளைஞர்கள் அதே பெட்டியைத் திருகி 1987-இல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற இசைத்தட்டு போட்டார்கள். அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு இசை வகையே பிறந்தது. நம்ம ஆளு அதுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே அந்தச் சத்தத்தைத் தொட்டுவிட்டார். சிகாகோக்காரர்கள் அவரைப் பார்த்துக் காப்பியடித்ததாக யாரும் நினைக்காதீங்க. அவரவர் தனித்தனியாகக் கண்டுபிடித்ததுதான்.

ஆனால் ஆல்பம் விற்கலை. ஹாலந்து நாட்டுக்காரர் ஒருவர் டெல்லியில் அந்தப் பழைய தட்டைக் கண்டெடுத்தார். 2010-இல் அது மறுபடி வெளிவந்தது. எழுபது வயசுக்கு மேலே அவரை வெளிநாட்டு மேடைகளுக்கு அழைத்தார்கள். 2015-இல் காலமானார்.

இதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா வேண்டாமா என்று எனக்கு பயம். தபேலாவை நிறுத்திய மனுஷன் ஆச்சே. அன்றைக்கு ஒரு தபேலாக்காரர் வீட்டிலும் என்னை மாதிரி ஒரு பெண் இருந்திருப்பாள் அல்லவா? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் போகலை. அந்த அண்ணன் எழுதியதில் பாதி நியாயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன். மால்கவுன்ஸ் என்று பெயர் போட்ட பாட்டு. கால் நிமிஷம்கூட ஆகலை, "இது நம்ம இந்தோளம்டி" என்றார். பூபாளி வந்ததும் "மோகனம்" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில், "தாளம் நடையே மாறலை, அது ஒரு குறை. ஆனா வாசிக்கிறவன் ராகம் தெரிஞ்சவன். ஏமாத்தலை" என்றார்.

அப்போதான் எனக்கு வித்தியாசம் பிடிபட்டது. நம்ம ஊரில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம். எப்போது எது என்று அப்பா ஐயர் கையைப் பார்த்தே தெரிந்துகொள்வார். மோட்டார் மேளத்துக்கு அபிஷேகமும் ஒண்ணுதான், தீபாராதனையும் ஒண்ணுதான். போன வெள்ளிக்கிழமை கற்பூரம் அணைந்த பிறகும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, சுவிட்சை நிறுத்த ஆள் இல்லாமல். சரண்ஜித் சிங்கின் பெட்டியில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். ரெண்டையும் மெஷின் என்று ஒரே பெயரில் திட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. பத்தாம் வகுப்பு அண்ணன் பதில் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறேன்.

பெரியப்பா மகனைத் திட்டியதற்கு மன்னிப்பு கேட்டுவிட்டேன். எங்க தெரு கோயில் பெரியவர்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறேன். மோட்டாரைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை ஒருநாளாவது சுவிட்சைப் போடாமல் அப்பாவையும் பெரியப்பாவையும் கூப்பிடுங்கள் என்பேன். அதை எப்படி மரியாதையாக மனுவாக எழுதுவது என்று தமிழ் ஐயாதான் சொல்லித்தர வேண்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி