சொல்லில் ஏன் இந்த ஓரவஞ்சனை?

கணவன் "ஏட்டி, வா" என்பான். மனைவி "வாங்க" என்பாள். அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்கலாம். அவள் அவன் பெயரை உச்சரித்தாலே குற்றம் என்று பன்னெடுங்காலம் பழக்கி வைத்தார்கள். ஏன் என்று கேட்டால், "அது தமிழ்ப் பண்பு" என்று வாயடைக்கிறவர்கள் இன்றும் உளர்.

பழியைத் தமிழின் தலையில் சுமத்தாதீர்கள்! ஒருவரை உயர்வு கருதிப் பன்மையால் சுட்டும் வழக்கைத் தொல்காப்பியமே ஒப்புகிறது. அந்த உயர்வு ஆணுக்கு மட்டுமே உரியது என்று அங்கே வரம்பு கட்டப்படவில்லை. 'அவர்' என்னும் சொல் இருபாலார்க்கும் பொது. பொதுச்சொத்தை ஒரு பாலார் வளைத்துக்கொண்டது மனிதர் செய்த சூது, இலக்கணம் செய்ததன்று.

சங்கரன்கோவிலைப் பாருங்கள். 2012 இடைத்தேர்தலில் எஸ். முத்துச்செல்வியையும், 2016 பொதுத்தேர்தலில் வி. எம். ராஜலட்சுமியையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. பின்னவர் அமைச்சராகவும் அமர்ந்தார். 'உறுப்பினர்', 'அமைச்சர்' என்னும் சொற்களில் உள்ள 'அர்' ஈறு பெண்ணுக்குப் பொருந்தாது என்று எவரேனும் வாதிட்டதுண்டா? பதவிக்குத் தருகின்ற மரியாதையை, வயலிலும் விசைத்தறிக் கூடத்திலும் அடுப்படியிலும் உழைக்கும் பெண்ணுக்குத் தர மட்டும் நா ஏன் கூசுகிறது?

இதனினும் கொடியது ஒன்றுண்டு. கணவனை இழந்தவளுக்கு 'விதவை' என்று பெயர். மனைவியை இழந்தவனுக்கு என்ன பெயர்? ஊர் வழக்கில் தேடிப் பாருங்கள், அகப்படாது. தமிழில் சொல் இல்லாமலா? மனைவியை இழந்தவனின் நிலையைத் 'தபுதார நிலை' என்றும், கணவனை இழந்தவளின் நிலையைத் 'தாபத நிலை' என்றும் தொல்காப்பியம் இரண்டையும் சொல்லிற்று. தவ நோன்பைப் பெண்ணின் பங்கில் வைத்த கோணல் அன்றே இருந்தது. ஆயினும் பெயராவது இருவருக்கும் இருந்தது. பின்னர் ஆணின் பெயர் ஏட்டோடு உறங்கியது; பெண்ணின் நெற்றியில் மட்டும் புதுப்பெயர் ஒட்டப்பட்டது.

கோமதி அம்மன் இயற்றிய தவத்துக்கு ஆடித்தபசு எடுத்து, ஆண்டுதோறும் ஊரே திரள்கிறது. வாழ்வே தவமாகிப்போன ஏழைப் பெண்ணுக்கோ, கோட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைப்பது 'ஆதரவற்ற விதவைச் சான்றிதழ்'! அரசின் உதவியை நாடுகிறவள், முதலில் அந்தப் பெயரை ஏற்றாக வேண்டும்.

"சொல்லை மாற்றினால் சோறு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். மாற்றுவதால் சோறு குறைந்துவிடுமா என்று நாம் கேட்கிறோம். 'ஊனமுற்றோர்' என்றிருந்ததை 'மாற்றுத்திறனாளிகள்' என்று தமிழக அரசேடுகள் திருத்தவில்லையா? அதனால் கருவூலம் கவிழ்ந்துவிட்டதா? அதே பேனா இதையும் திருத்தட்டும். 'துணையை இழந்தவர்' என்று எழுதட்டும். ஆணாயினும் பெண்ணாயினும் அதே சொல்லை எழுதட்டும்.

அரசேட்டைத் திருத்த ஆணை வேண்டும். வீட்டைத் திருத்த எந்த ஆணையும் வேண்டியதில்லை. 'நீ' என்றால் இருவரும் 'நீ' என்று அழையுங்கள். 'நீங்கள்' என்றால் இருவரும் 'நீங்கள்' என்று அழையுங்கள். தமிழ் தடுக்காது. தடுப்பவர் யார் என்பதை, இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் நாவையே கேளுங்கள்!