மாத்திரை அட்டையோடு வந்த பயம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பி முடிந்து பத்திரிகையைப் பிரித்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், அன்னூரிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கையின் மருமகள். இருபத்தாறு வயதிருக்கும். கல்யாணமாகி நாலு வருஷம். கையில் ஒரு மஞ்சள் பை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஏங் கண்ணு, நீ பத்திரிகையில எழுதறவதான? இந்தப் புள்ளைக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. ராத்திரி பூரா அழுதுக்கிட்டே கெடந்தா" என்றார் பெரியம்மா.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"குழந்தை உண்டாகறதுக்குன்னு குடுத்த மாத்திரைங்க அக்கா. பேரைப் போன்ல போட்டுப் பாத்தனுங்க. மார்புப் புத்துநோய்க்குன்னு வருதுங்க. எனக்கு அந்த நோவுங்களா? டாக்டரம்மா எங்கிட்ட மறைக்கறாங்களா?"

அட்டையில் இருந்த பெயர் லெட்ரோசோல். டாக்டர் அவளிடம் சொன்னது, மாதவிலக்கான மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள் சாப்பிட வேண்டும் என்பது மட்டும்தான். எதற்கு என்று இவளும் கேட்கவில்லை. "வெளியில அத்தனை கூட்டம் நின்னுச்சுங்க. கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க" என்றாள்.

சகோதரிகளே, இந்தக் கூச்சம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? புடவைக் கடையில் முந்தானை நூலைக்கூட இழுத்துப் பார்த்து நாலு கேள்வி கேட்கிறோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆகையால் இந்த வாரம் இந்த ஒரு மாத்திரையின் கதையையே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நம் தேசத்தில் அது தடை செய்யப்பட்டு, மறுபடி அனுமதிக்கப்பட்ட மருந்து. அந்தப் பெண்ணின் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது உங்களுக்குத் தெரியும். அது உற்பத்தியாவதை இந்த மாத்திரை தடுக்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் சில வகை மார்பகப் புற்றுநோய்களுக்கு அந்த ஹார்மோன்தான் தீனி. தீனியை நிறுத்தினால் நோய் அடங்கும். இதற்காகத்தான் 1997-ம் ஆண்டு அமெரிக்காவில் இதை அனுமதித்தார்கள். போனில் அந்தப் பெண் படித்தது பொய்யல்ல.

அப்படியானால் குழந்தை வேண்டும் என்கிற பெண்ணுக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்? நம் வீட்டு மேல்தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் கீழே போய் மோட்டாரைப் போடுகிறோம் அல்லவா? மூளையும் அப்படித்தான். இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், 'சினைப்பை சரியாக வேலை செய்யவில்லை' என்று எண்ணி, அதைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. அதனால் கருமுட்டை வளருகிறது. மாதாமாதம் முட்டை சரியாக வெளிவராத பெண்களுக்கு, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று இப்போது வீட்டுக்கு வீடு பேசப்படுகிறதே, அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு, இது உபயோகமாகிறது. கனடாவில் டொராண்டோ நகர டாக்டர்கள் 2001-ல் இந்த உபயோகத்தைப் பற்றி முதலில் எழுதினார்கள்.

சங்கடம் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நம் நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, அவர்களுடைய சம்மதத்தைக் கேட்காமலே, இந்த மருந்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள் என்ற செய்தி 2003-ல் வெளியாயிற்று. குழந்தைக்காகத் தவம் கிடந்தவர்கள் அவர்கள். தாங்கள் ஒரு சோதனையில் சேர்க்கப்பட்டிருப்பதே அவர்களுக்குத் தெரியாது!

2005-ல் இன்னொரு இடி விழுந்தது. கனடாவில் மாண்ட்ரீல் நகரில் நடந்த டாக்டர்கள் மகாநாட்டில் ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. இந்த மருந்து சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த 150 குழந்தைகளைச் சாதாரணமாகப் பிறந்த 36,000-க்கு மேற்பட்ட குழந்தைகளோடு ஒப்பிட்டு, இருதயத்திலும் எலும்பிலும் குறை சற்று அதிகமாகக் காண்கிறது என்றார்கள். மருந்தை முதலில் தயாரித்த கம்பெனியே, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு எழுதியது.

ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு கோணல் இருந்தது. ஒரு பக்கம், பல வருஷம் குழந்தையில்லாமல் சிகிச்சைக்கு வந்த பெண்கள். மறு பக்கம், அந்தக் கஷ்டமே இல்லாத, வயது குறைந்த பெண்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? அதனால் அடுத்த வருஷம், 2006-ல், கனடாவின் ஐந்து மருத்துவ நிலையங்களிலிருந்து 911 குழந்தைகளின் விவரத்தைச் சேகரித்தார்கள். எல்லோருடைய தாய்மாரும் சிகிச்சை பெற்றவர்களே. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களின் 514 குழந்தைகளில் 14 பேருக்குப் பிறவிக் குறை. பல்லாண்டுகளாக எல்லோரும் கொடுத்துவந்த குளோமிஃபீன் மாத்திரையைச் சாப்பிட்டவர்களின் 397 குழந்தைகளில் 19 பேருக்கு. ஆக, பழைய மருந்தைவிடப் புதிய மருந்தில் ஆபத்து அதிகம் என்று சொல்ல இடமில்லை.

இருந்தும் இந்திய சர்க்கார் 2011 அக்டோபரில், குழந்தைப் பேறுக்காக இந்த மாத்திரையைக் கொடுப்பதைத் தடை செய்தது. இந்த உபயோகத்துக்கு முன்பு அனுமதி கொடுத்த முறையே சரியில்லை என்று 2012-ல் பார்லிமெண்ட் கமிட்டி ஒன்றும் கண்டித்தது. பிறகு 2014-ல் அமெரிக்காவில் 750 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு வந்தது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27.5 பேர் குழந்தை பெற்றார்கள். பழைய மருந்தில் 19.1 பேர். பிறவிக் குறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2017-ல் நம் நாட்டில் தடை விலகியது. 2018-ல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி நூல், நீர்க்கட்டிக் கோளாறால் முட்டை வெளிவராதவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டிய மருந்து இதுதான் என்றது.

இதையெல்லாம் சொன்னபோது அந்தப் பெண் கேட்டாள்: "அப்ப பயப்பட வேண்டியதில்லைங்களா?"

அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வயிற்றில் ஏற்கெனவே கரு இருக்கும்போது இதைச் சாப்பிடக் கூடாது, கருவுக்குக் கெடுதல். அதனால்தான் ஆரம்பிக்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்து கொள்ள வேண்டும். மாதவிலக்குத் தொடக்கத்தில் ஐந்து நாள் மட்டும் சாப்பிட்டால், கரு உண்டாவதற்குள் மருந்து பெரும்பாலும் உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. தலைவலி, உடம்பில் திடீர்ச் சூடு, அசதி, தலைச்சுற்றல் வரலாம். தலை சுற்றுகிற நாளில் ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். புற்றுநோய்க்காக வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு எலும்பு மெலியும். ஐந்து நாள் மாத்திரைக்கு அந்தக் கணக்கு வேறு. 'நாத்தனாருக்குப் பலித்தது, மிச்சம் நாலு மாத்திரை இருக்கிறது' என்று வாங்கிப் போட்டுக்கொள்வது மட்டும் கூடவே கூடாது.

ஹார்மோனை அடக்கும் ஊசிகளுக்கும் இதே விசாரணை வேண்டும். கருப்பை உட்சவ்வு வெளியே வளரும் வலிக்கும், கருப்பைக் கட்டிக்கும் மாதம் ஒரு தடவை லூப்ரோலைட் என்ற ஊசி போடுகிறார்கள். அது சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்க வைக்கிறது. அந்த மாதங்களில் மாதவிலக்கு நின்றவர்களுக்கு வரும் எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாம் வரக்கூடும். எலும்பும் மெலியும். அதனால்தான் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நிறுத்துகிறார்கள். எலும்பைக் காக்க வேறு மருந்தும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. இது முன்கூட்டியே தெரிந்த பெண், 'எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ' என்று நடு இரவில் கலங்கமாட்டாள். தெரியாதவள் கலங்குவாள்.

ஆகவே டாக்டர் அறையைவிட்டு எழுந்திருக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். இந்த மருந்து எனக்கு எதற்காக? இதே மருந்து வேறு எந்த வியாதிக்குக் கொடுக்கப்படுகிறது? எத்தனை நாள்? என்ன கஷ்டம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு உங்களிடம் வர வேண்டும்? இதற்குப் பதில் வேறு வழி உண்டா? கூச்சமாக இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டாலும் குற்றமில்லை. உடம்பு நம்முடையது.

மறுநாள் திங்கட்கிழமை நாங்கள் மூவரும் போனோம். அந்தப் பெண்தான் காகிதத்தை நீட்டினாள். டாக்டரம்மா படித்தார். ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா" என்றார். பிறகு அந்தக் காகிதத்தின் பின்புறத்திலேயே மூளை, சினைப்பை, முட்டை என்று படம் போட்டுக் காட்டினார். ஆறு நிமிஷம் ஆயிற்று. வெளியே கூட்டம் அப்படியேதான் காத்திருந்தது. யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

காந்திபுரத்தில் அன்னூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, மாத்திரை அட்டையோடு சேர்த்து மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டாள். பெரியம்மாவுக்குத்தான் மனம் ஆறவில்லை.

"ஏங் கண்ணு, இந்த ஆறு நிமிசத்தை அன்னிக்கே ஒதுக்கியிருந்தா, ஒரு புள்ளை ராத்திரி பூரா அழுதிருக்க வேண்டாமல்ல?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.