முட்டுக் கொடுப்பது கேவலமா?

மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பேச்சு மனோசிகிச்சை பக்கம் திரும்பியது. தியாகராய நகரில் ஒரு டாக்டரிடம் வாரம் ஒருமுறை போய்வந்த நாட்களைச் சொன்னேன். "கனவெல்லாம் கேட்டாரா?" என்றார் நண்பர். இல்லை. தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா, மாத்திரையை விட்டுவிட்டீர்களா, ஆபீசுக்கு எப்போது திரும்பப் போகிறீர்கள் – இவ்வளவுதான் கேட்டார். "ஓ, வெறும் ஆதரவுச் சிகிச்சை" என்று முடித்துவிட்டார் நண்பர். அந்த 'வெறும்' பற்றித்தான் இக்குறிப்பு.

நமக்கு ஆழம் என்றால் ஒரு மயக்கம். படிமம் தேடிப் பழகிய புத்தி சிகிச்சையிலும் நனவிலியின் பாதாளத்தைக் கேட்கிறது. ஃபிராய்டை அரைகுறையாகப் படித்துவிட்டு, பால்யத்தைத் தோண்டாதது சிகிச்சையே அல்ல என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சுவர் சரிந்துகொண்டிருக்கும்போது அஸ்திவாரத்தைச் சோதிக்க யாரும் கடப்பாரை எடுப்பதில்லை. முதலில் முட்டுக் கொடுப்பார்கள்.

முட்டுக் கொடுப்பதற்கும் முறை உண்டு. ஒருவனிடம் மிஞ்சியிருக்கும் தற்காப்புகளைக் குலைக்காமல் பலப்படுத்துவது; அவன் பயத்தை யதார்த்தத்தோடு வைத்துச் சரிபார்ப்பது; அடுத்த வாரத்துக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சேர்ந்து முடிவு செய்வது; சொன்ன நேரத்தில் அங்கே இருப்பது. "எல்லாம் சரியாப் போயிடும், கபாலி பாத்துப்பான்" என்கிற மாடவீதி உபதேசத்தோடு இதைக் குழப்பக்கூடாது. உபதேசம் கேட்டவன் அதற்குமேல் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் மெனிங்கர் நிறுவனம் உளப்பகுப்பாய்வில் ஊறிய இடம். அங்கே 42 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகளை 1986ல் நூலாக்கிய ராபர்ட் வாலர்ஸ்டைன், பகுப்பாய்வு என்று தொடங்கியவற்றிலும் ஆதரவு முறைகள் எதிர்பார்த்ததைவிட அதிகம் கலந்திருந்தன என்றார். அவற்றால் வந்த மாற்றங்கள் பல நிலைத்தும் நின்றன.

நம் ஊருக்கு வருவோம். 1986ல் லக்ஷ்மி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ஸ்நேஹாவில் தொண்டர்கள் செவிகொடுக்கிறார்கள்; அது சிகிச்சை என்று அவர்களே சொல்வதில்லை. ஆனால் சிகிச்சை இதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு ஒன்று 2008ல் வெளியாயிற்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றதற்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை விசாரிப்பு. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2. யார் கனவுக்கும் அங்கே அர்த்தம் சொல்லப்படவில்லை.

தோண்டித்தான் ஆகவேண்டியவர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், 1984ல் ஆத்மாநாமை இழந்த வட்டம் இது. யாரையும் குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை. பித்துக்கும் கவிதைக்கும் உள்ள சம்பந்தம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத நம்மால் முடிகிறது. தடுமாறும் ஒரு நண்பனை ஒன்பது முறை போய்ப் பார்க்க முடியுமா? முடியாதவர்கள் அந்த 'வெறும்' என்ற சொல்லையாவது திருப்பி எடுத்துக்கொள்ளட்டும்.