கவுன்சிலுக்குச் சொல்லாமல் எந்த ஒயரில் கைவைக்கலாம்?

பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் தவிர வேறு யாரும் வீட்டு ஒயரிங்கில் கைவைக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் வீடு வைத்திருக்கும் பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள கட்டட விதிகளின் 'பி' (P) பகுதி, வேலையை யார் செய்வது என்று கட்டுப்படுத்துவதில்லை. வேலை பாதுகாப்பாக இருக்க வேண்டும், சில வேலைகளை மட்டும் முறைப்படி தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சில வேலைகளும் 2013 ஏப்ரலில் குறைந்துவிட்டன. புது சர்க்யூட் போடுவது, ஃபியூஸ் பாக்ஸை மாற்றுவது, குளியல் தொட்டியையோ ஷவரையோ ஒட்டிய பகுதியில் சர்க்யூட்டை நீட்டுவது அல்லது திருத்துவது ஆகியவைதான் மிச்சம். (நீச்சல் குளமும் உண்டு, அது இருக்கும் வீட்டில் இந்தக் கவலை இருக்காது.) பாத்ரூம் முழுவதும் இதில் அடங்காது. தொட்டி விளிம்பிலிருந்து 60 செ.மீ. தூரம், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் என்று அளவு உண்டு. ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அதுவரை. சமையலறை இங்கிலாந்தில் பட்டியலிலிருந்து நீங்கியது, வேல்ஸில் நீங்கவில்லை. ஸ்காட்லாந்தின் சட்டமே வேறு.

ஆக, கூடத்தில் இருக்கும் சர்க்யூட்டிலிருந்து கூடுதலாக ஒரு சாக்கெட் எடுக்க யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் பாதுகாப்பு விதி அதற்கும் பொருந்தும். சுவருக்குள் போகும் ஒயர் சாக்கெட்டிலிருந்து நேர் மேலாகவோ நேர் கீழாகவோ நேர் பக்கவாட்டிலோதான் போக வேண்டும். குறுக்கே சாய்த்து இழுத்தால் ஒயர் மிச்சமாகும். ஆனால் பின்னாளில் பிள்ளையார் படத்துக்கு ஆணி அடிப்பவர் அங்கே ஒயர் ஓடும் என்று எதிர்பார்க்க மாட்டார். வீட்டுச் சுவரில் 5 செ.மீ. ஆழத்துக்குள் ஒயர் புதைந்திருந்தால், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி பொதுவாகத் தேவை.

உண்மையான சிக்கல் சோதனையில்தான். எர்த் ஒயர் கழன்று கிடந்தாலும் சாக்கெட்டில் செருகிய கெட்டில் கொதிக்கும். கெட்டிலின் உலோக உடலில் மின்சாரம் கசியும் அன்றுதான் குறை தெரியும். எர்த் தொடர்ச்சியையும் ஒயர் உறையின் மின்தடையையும் அளக்க அதற்கான கருவி வேண்டும். அளவைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

தெரிவிக்க வேண்டிய வேலையை நீங்களே செய்தால், தொடங்குமுன் கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு எழுதிக் கட்டணம் கட்ட வேண்டும். சிறு வேலைக்கு அந்தக் கட்டணமே எலக்ட்ரீஷியன் கூலியை எட்டிவிடலாம். பதிவுபெற்றவர் செய்தால் அவரே தன் அமைப்பின் வழியாகத் தெரிவித்து 30 நாளுக்குள் சான்றிதழ் கிடைக்கச் செய்வார். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார். இங்கிலாந்தில் மூன்றாவது வழியும் உண்டு: நீங்கள் செய்த வேலையைப் பதிவுபெற்ற சான்றாளர் ஒருவர் சோதித்துத் தரலாம். ஆனால் சுவரைக் கொத்துமுன்பே அவரை அமர்த்தியாக வேண்டும்.