தாராசுரத்திற்குப் பத்து ரூபாய்

கோவில் சுற்றுலா என்றாலே இப்போது கார் என்றாகிவிட்டது. கும்பகோணத்தில் வந்திறங்கும் எவரிடமும், ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிடும் திட்டம் ஒன்று நீட்டப்படுகிறது. 'பார்ப்பது' அன்று, 'முடிப்பது' என்பதே அங்கு வழங்கும் வினைச்சொல். கணவனும் மனைவியுமாக ஊர் பார்க்கப் புறப்படுகிறவர்கள், வழிகாட்டியின்றி, முன்பதிவில்லாத பாசஞ்சர் வண்டியில், ஒரு நாளைக்கு இரண்டே இடங்கள் என்று செல்ல வேண்டும் என்பது எங்கள் கட்சி. சிக்கனத்திற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சிக்கனமும் அதில் உண்டு என்பதை மறைக்க வேண்டியதுமில்லை.

தஞ்சையையும் தாராசுரத்தையும் எடுத்துக்கொள்வோம். அண்மையில் நாங்கள் இருவரும் சென்றுவந்த வழி இது. காலையில் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம். 1951-இல் தொடங்கப்பட்ட இக்கூடத்தில் ஒரு கருங்கல் துவாரபாலகர் நிற்கிறார். சோழச் சிற்பியின் கைவேலை அன்று. 11-ஆம் நூற்றாண்டின் நடுவில் முதலாம் இராசாதிராசன் மேலைச் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை, அதாவது இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாணை, அழித்துக் கொண்டுவந்த வெற்றிப்பொருள் என்று பீடத்துக் கல்வெட்டே சொல்கிறது. பின்னாளில் அது கண்டெடுக்கப்பட்ட இடம் தாராசுரம். தாராசுரத்திலிருந்து வந்த யானையுரித்த பெருமானும் அதே கூடத்தில்தான் இருக்கிறார். அருகில் உமை அஞ்சி ஒதுங்குகிறாள். எங்களில் ஒருவருக்குக் கல்வெட்டைவிட்டு நகர மனமில்லை. மற்றவர், அந்த அச்சம் சிற்பியின் கருணையா, பெண்ணைப் பற்றிய அவன் காலத்து எண்ணமா என்று கேட்டார். அதற்கு அங்கேயே விடை காண இயலவில்லை.

விடை தேடும் வேலையைத்தான் ரயில் எடுத்துக்கொள்கிறது. தஞ்சையிலிருந்து கும்பகோணம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். தாராசுரம் அதற்கு முந்தைய நிலையம். காரில் போயிருந்தால் அடுத்த கோவிலின் நடை சாத்தும் நேரத்தைப் பற்றித்தான் பேசியிருப்போம். பாசஞ்சர் வண்டியோ பசுபதிகோவிலில் நிற்கிறது, அய்யம்பேட்டையில் நிற்கிறது, எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழிவிட்டுக் காரணம் சொல்லாமலும் நிற்கிறது. உமையின் அச்சம் பற்றிய எங்கள் வழக்கு பாபநாசம் வரை நீடித்தது. எதிரில் அமர்ந்திருந்த அம்மாள் ஒருவர், "யானைத்தோல உரிச்சா எந்தப் பொம்பளதான் பயப்படாம இருப்பா?" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்துவிட்டு, சுந்தரப்பெருமாள்கோவிலில் இறங்கிப் போய்விட்டார். இத்தகைய உரையாசிரியர்கள் வாடகைக் காரில் கிடைப்பதில்லை.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் கார்தான் சரி, அதை மறுக்கவில்லை. எங்கள் கவலை மாணவர்களைப் பற்றியது. 2020-இல் பெருந்தொற்றால் நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் திரும்ப ஓடியபோது எக்ஸ்பிரஸ் கட்டணத்துடனேயே ஓடின. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆயிற்று. பழைய கட்டணம் மீண்டது 2024 பிப்ரவரியில்தான். செய்தித்தாள்களில் இது சிறு செய்தி. முதுகலைத் தமிழ் படிக்க வருபவர்களில் பலர் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள். போக வர 60 ரூபாய் என்பது அவர்களுக்குப் பயணத்தையே கைவிடச் செய்யும் தொகை. பெரியபுராணத்தைத் தேர்வுக்குப் படித்துவிட்டுத் தாராசுரத்தைக் காணாமலேயே பட்டம் பெற்றுச் செல்கிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்களுக்கு நூலகம் எவ்வளவு இன்றியமையாததோ அவ்வளவு இன்றியமையாதது இந்த வண்டி. நட்டக் கணக்குக் காட்டி இதன் நிறுத்தங்களை யாரேனும் குறைக்க முற்பட்டால், முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்கள் தமிழாசிரியர்கள்.

காரணம் தாராசுரத்திலேயே இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் மகன் இரண்டாம் இராசராசன் எடுத்த ஐராவதேசுவரர் கோவிலில் அந்த அடியார் கதைகள் கல்லில் ஏறிவிட்டன. ஒரு தலைமுறைக்குள் ஒரு நூல் கற்சுவரானது நம் இலக்கிய வரலாற்றில் எளிய செய்தி அன்று. ஒட்டக்கூத்தர் வாழ்ந்த காலமும் அதுவே. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பின் கூட்டம் பெருகியது. எனினும் வருவோர் தேர்ச்சக்கரத்தையும், இசை எழுப்புவதாகச் சொல்லப்படும் படிகளையும், ஒரே தலையில் யானையும் காளையுமாகத் தோன்றும் சிற்பத்தையும் பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். நாங்கள் இருந்த பொழுதில் மூன்று குழுக்கள் அப்படி வந்து போயின.

அடியார் கதைகள் நின்றுகொண்டு பார்க்கும் உயரத்தில் இல்லை. கருவறைப் புறச்சுவரின் அடித்தளத்தில், ஏறத்தாழ ஒரு சாண் அளவில், வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். மாலை வெயில் சாய்ந்து விழும்வரை காத்திருக்கவும் வேண்டும். அப்போது அவிநாசி முதலை தான் விழுங்கிய பிள்ளையை உமிழ்வதும், அருகில் சுந்தரர் நிற்பதும் மெல்லத் தெரியவரும். திரும்பும் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்ததால் நாங்கள் அடுத்த சிற்பத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தோம்.