பொழுதை விற்று 'டைம்' வாங்கும் தமிழர்

காலமும் கடலலையும் எவனுக்காகவும் காத்திரா என்னும் கருத்தில் ஆங்கிலப் பழமொழி ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அதனைப் படியாத மாணவர் அரியர். அதிலுள்ள 'டைம்' என்பதற்குக் காலம் என்றும், 'டைடு' என்பதற்குக் கடலலை என்றும் பொருள் எழுதி, அலை எவனுக்காகவும் நில்லாது என்று விளக்கமும் சொல்லி முடிப்பர். விளக்கம் அழகாகத்தான் உள்ளது, ஆயின் பிழை. அப் பழமொழி பிறந்த காலையில் 'டைடு' என்பது கடலைக் குறிக்கவில்லை. அதுவும் பொழுதையே குறித்தது. ஒரு பொருளையே சுட்டும் இரு சொற்களை முதலெழுத்து ஒத்துவரச் சேர்த்துச் சொன்ன இணைமொழி அது. தமிழில் 'நாளும் பொழுதும்' என்பது போல.

இச் சிறு பிழைக்காக எந்த ஆசிரியரையும் கடிந்து பயனில்லை. ஆங்கிலேயரே தம் சொல்லை மறந்துவிட்டனர். பழைய ஆங்கிலத்தில் நேரம், பருவம், வழிபாட்டுக்குரிய நேரம் ஆகிய யாவற்றுக்கும் 'டீடு' என்னும் அச் சொல்லே வழங்கிற்று. அதன் உடன்பிறப்பான 'சைட்' இன்றும் செருமானியருக்கு நேரத்தைக் குறிக்கும் முதற்சொல். ஆலந்தரும் சுவீடரும் அவ் வேரிற் பிறந்த சொல்லையே இன்றும் ஆள்கின்றனர். ஆங்கிலம் மட்டும் வழி தவறியது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்தம் பிரெஞ்சு மொழி அரண்மனைக்கும் அறமன்றத்துக்கும் உரியதாயிற்று. மணிநேரத்தைச் சுட்டப் பிரெஞ்சுச் சொல் வந்து அமர்ந்தது. அச் சொல்லும் பிரெஞ்சியரின் சொந்தச் சரக்கன்று. இலத்தீன் வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. இடமிழந்த 'டைடு', கடல் ஏறி இறங்கும் நேரத்தைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கி, 14ஆம் நூற்றாண்டளவில் கடலேற்றத்தையே குறிக்கலாயிற்று. பழம்பொருள் முற்றும் அழிந்ததா எனின், இல்லை. அந்திப் பொழுதைக் குறிக்கும் 'ஈவன்டைடு', கிறித்துமசுப் பருவத்தைக் குறிக்கும் 'யூல்டைடு', செய்தியைக் குறிக்கும் 'டைடிங்சு' ஆகியவற்றுள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றது. ஒழுங்கானது என்னும் பொருளுடைய 'டைடி'யும் உரிய பொழுதில் அமைந்தது என்னும் கருத்திற் பிறந்ததே. ஆயினும் அவற்றைச் சொல்லும் ஆங்கிலேயன் எவனும் அவற்றுள் பொழுது இருப்பதை உணர்வதில்லை. வீட்டுக்குடையவன் போய்விட்டான், அவன் சட்டை மட்டும் கொடியில் தொங்குகின்றது.

ஒரு சொல் சாகும் முறை இதுவே. முதலில் தனியே நிற்கும் உரிமையை இழக்கும். பின்னர்ப் பிற சொற்களுக்குள் ஒட்டாய் ஒடுங்கும். அதன்பின் அங்கிருப்பதே எவர்க்கும் தெரியாது போம். தமிழில் இன்று 'பொழுது' என்னும் சொல் எப்படியில் நிற்கின்றது என்பதைத் தமிழன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பொழுது எளிய சொல்லன்று. தொல்காப்பியர் அகப்பொருளுக்கு அடித்தளமாக வைத்த முதற்பொருள் இரண்டே. ஒன்று நிலம், மற்றொன்று பொழுது. மண்ணுக்கு இணையாக நிறுத்தப்பெற்ற சொல் அது. ஆண்டின் கூறு ஆறும் பெரும்பொழுது. நாளின் கூறு ஆறும் சிறுபொழுது. திருக்குறளின் 123ஆம் அதிகாரம் 'பொழுதுகண்டிரங்கல்' என்றே பெயர் பெற்றது. தமிழோடு அதன் உறவு முடியவில்லை. கன்னடத்தில் 'ஹொத்து' என்றும், தெலுங்கில் 'ப்ரொத்து' என்றும் அச் சொல்லே வழங்குகின்றது; மலையாளத்தார் 'இப்போள்' என்னும்போதும் அதனையே சொல்கின்றனர். தமிழர் வாயிலும் 'அப்பொழுது' 'அப்போது' ஆகி, 'அப்போ' ஆகி, 'அப்ப' என்று தேய்ந்துள்ளது. நாளொன்றுக்கு நூறு முறை 'இப்ப', 'எப்ப' என்று சொல்லும் நகரத் தமிழனுக்குத் தான் நூறு முறை பொழுது என்று சொல்வது தெரியாது. 'ஈவன்டைடு' சொல்லும் ஆங்கிலேயனின் நிலைக்கு அவன் பாதி வழி வந்துவிட்டான்.

பாதி வழிதான். மீதி வழியை மறித்து நிற்பவர் நாட்டுப்புறத்தார். மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் உள்ள பரவையையே எடுத்துக்கொள்ளலாம். அவ்வட்டாரத்து உழவர் வாயில் பொழுது இன்றும் தன் முழு உடம்போடு நடமாடுகின்றது. பொழுது கிளம்பும், பொழுது உச்சிக்கு வரும், பொழுது சாயும், பொழுது அடையும். இவ்விடங்களில் பொழுது என்பது ஞாயிறே. காலமும் அதைக் காட்டும் கதிரவனும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் இவ்விரு பொருளும் இருத்தலால் இது மிகப் பழைய வழக்கென்பது தெளிவு. வெளியூர் செல்லும் மகனிடம் தாய் 'பொழுதோட வந்துரு' என்கிறாள். இருட்டுமுன் வீடு சேர் என்பது அதன் கருத்து. எந்நேரமும் ஒன்றையே செய்பவனைப் 'பொழுதன்னைக்கும்' என்று சொல்லிக் கடிகின்றனர். விடியற்காலையில் வரச் சொல்ல 'வெள்ளென வா' என்னும் ஒரு சொல் போதும். மங்கல் வெளிச்சத்துக்குக் 'கருக்கல்' உண்டு. பரவைக் காய்கறிச் சந்தைக்குச் சுமை ஏற்றுவோர் இச் சொற்களாலேயே பன்னெடுங்காலம் தம் வேலையை வகுத்துக்கொண்டனர். இவற்றுள் எதனையும் எந்தப் புலவரும் ஆக்கித் தரவில்லை.

இச் சொல்வளத்தின் நடுவே வந்து அமர்ந்திருப்பது 'டைம்'. தமிழில் டகரம் மொழிக்கு முதலாகாது என்று இலக்கணம் விலக்கிய எழுத்தைத் தலையிற் சூடிக்கொண்டே வந்துள்ளது. 'டைம் ஆச்சு', 'டைம் இல்லை', 'டைம் பாஸ்', 'ஓவர்டைம்', 'நல்ல டைம்', 'கெட்ட டைம்'! பேருந்து நிலையத்தில் 'நேரக் காப்பாளர்' என்று நல்ல தமிழில் பலகை இருக்கும். அதன் கீழ் நிற்பவர் யாவரும் 'டைம் கீப்பர்' என்பர். பள்ளிச் சுவரில் ஒட்டியிருப்பது 'டைம் டேபிள்'. பொழுதுபோக்கு என்னும் சொல் மட்டும் தாளிகைகளில் பிழைத்துக் கிடக்கின்றது. வாய்ப்பேச்சில் அதுவும் 'டைம் பாஸ்' ஆகிவிட்டது. பொழுது தனியே நிற்கும் இடங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோகின்றன.

இதற்கு இரு மறுப்புகள் உரைக்கப்படும். முதலாவது: ஆங்கிலமும் பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கித்தானே வளர்ந்தது? தமிழும் வாங்கினால் என்ன? வாங்கியது உண்மைதான். ஆயின் எதனை வாங்கியது, எதனை விடவில்லை என்று பார்த்தல் வேண்டும். மணிநேரம், மணித்துளி, நொடி ஆகிய அளவுப் பெயர்களை ஆங்கிலம் வாங்கிற்று. 'டைம்' என்னும் அடிப்படைச் சொல்லையோ எவரிடத்தும் வாங்கவில்லை. அது பழைய ஆங்கிலச் சொல். 'டைடு' பிறந்த வேரிலேயே பிறந்த அதன் உடன்பிறப்பு. நார்மானியன் வாள் முனையில் நின்றபோதும் காலத்துக்குரிய தாய்ச்சொல்லை ஆங்கிலேயன் கைவிடவில்லை. எந்த வாளும் கழுத்தில் இல்லாத தமிழனோ அளவுப் பெயரான 'மணி'யைத் தமிழில் வைத்துக்கொண்டு தாய்ச்சொல்லைக் கொடுத்துவிட்டான். 'டைம் என்ன? மணி பத்து' என்னும் உரையாடலில் வினா ஆங்கிலம், விடை தமிழ். ஆங்கிலேயன் செய்ததற்கு நேர் மாறானது இது.

இரண்டாவது மறுப்பு, பொழுது முதலியன உழவர்க்குப் போதும், நுட்பமாகக் காலத்தை அளக்கத் தமிழுக்கு ஆற்றல் இல்லை என்பது. இதனைச் சொல்வோர் முல்லைப்பாட்டைத் திறந்தும் பாராதவர். 103 அடியேயுள்ள அச் சிறு பாட்டில், பாசறையில் நீர்க்கன்னலைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவிக்கும் பொய்யாத பணியாளர் வருகின்றனர். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாழிகைக் கணக்கர்க்கு இடம் இருந்தது. மதுரைக்காஞ்சி மதுரையின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகின்றது. நாளொன்றுக்கு 60 நாழிகை; ஒரு நாழிகைக்கு இன்றைய 24 மணித்துளி; சிறுபொழுது ஒவ்வொன்றுக்கும் 10 நாழிகை. நாழிகை வெண்பா என்று ஒரு சிற்றிலக்கிய வகையே எழுந்தது.

அந் நாழிகையும் தமிழன்று என்பார் உளர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, 'நாடிகா' என்னும் வடசொல்லினின்று அது வந்ததாகக் குறித்துச் செல்கின்றது. வடமொழியில் நாடிகா உண்டு. அங்கும் அது நீரால் அளந்த காலமே. ஆயின் யார் யாரிடம் பெற்றார் என்பதை ஓர் அம்புக்குறியால் முடித்துவிட இயலாது. நாழி என்பது தமிழர் அடுக்களையில் அரிசி அளந்த முகத்தலளவை. தொல்காப்பியர் இச் சொல்லுக்கெனத் தனிப் புணர்ச்சி விதியே வகுத்துள்ளார்: நாழியோடு உரி சேர்ந்தால் 'நாடுரி'. பொது விதிக்கு அடங்காது திரிந்து, இலக்கண ஆசிரியர் தனியே நின்று விதி கூற வேண்டிய அளவுக்கு ஒரு சொல் மக்கள் வாயில் தேய்ந்திருந்தது என்றால், அது நேற்று வந்த விருந்தாளியா? அகராதியார் இதனை எண்ணிப் பார்த்திருக்கலாம். நாழிகையை அறுபதாய்ப் பிரித்த 'விநாழிகை'யின் முன்னொட்டு வடவர் வழக்கே. அதனை ஒப்புவதில் தயக்கம் வேண்டா. ஓரை என்னும் காலக்கூற்றுப் பெயரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கணியர் வழியாக வந்ததே. சங்கப் பாட்டில் மகளிர் விளையாட்டைக் குறிக்கும் ஓரை வேறு. பொய்ச் சான்றால் தமிழுக்குப் பெருமை சேராது.

ஆற்றலைப் பற்றி ஐயுறுவோர்க்கு அயலாரே சான்று. வெள்ளிக்கோள் ஞாயிற்றைக் கடக்கும் காட்சியை 1769இல் காண்பதற்காக இலெ சாந்தில் என்னும் பிரெஞ்சு வானியலார் 1768இல் புதுச்சேரிக்கு வந்தார். முகில் மறைத்தமையால் அக் காட்சி அவருக்குக் கிட்டவில்லை. ஆயின் வேறொன்று கிட்டியது. தமிழ்க் கணியர் ஒருவர் எழுதுகோலும் தாளும் இன்றிச் சோழிகளைத் தரையில் பரப்பியே, 1765 ஆகத்து 30இல் நிகழ்ந்த நிலா மறைப்பை ஒரு மணிநேரத்துக்குள் கணித்துக் காட்டினார். மறைப்பு நீடித்த அளவில் அவர் கணக்கு 41 நொடி குறைந்தது. ஐரோப்பியப் பட்டியலைக் கொண்டு இலெ சாந்தில் செய்த கணக்கோ 68 நொடி மிகுந்தது. காலத்தை அளக்க மாட்டாதவர்தம் கணக்கா இது?

அந் நாழிகையை வீழ்த்தியது அறிவின் மேன்மையன்று; ஆட்சியின் வன்மை. கும்பினியார் 1792இல் சென்னையில் வானாய்வு நிலையம் கட்டினர். 1802இல் அங்கிருந்த கோல்டிங்காம் என்பார் கிரீனிச்சு நேரத்தினும் 5 மணி 21 மணித்துளி 14 நொடி முந்தியதாகச் சென்னை நேரத்தை வரையறுத்தார். தொடர்வண்டிகள் பின்னர் அதன்படி ஓடின. 1906 சனவரி முதல் நாள் அதுவும் போய், 82½ பாகை நெடுவரையைக் கொண்ட இந்திய நேரம் வந்தது. அக் கோடு தமிழ்நாட்டின் வழியே செல்வதன்று. அதனால் மணிப்பொறி பகல் 12 என்று காட்டும்போது மதுரையில் பொழுது இன்னும் உச்சிக்கு வந்திராது. ஆண்டின் நடுத்தர அளவில் ஏறத்தாழ 17 மணித்துளி கழிந்தே வரும். ஆகவே மணி என்பது தில்லி சொல்வது. பொழுது என்பது பரவைக் கண்மாய்க்கு மேலே நிற்பது. தொடர்வண்டிக்கும் அலுவலகத்துக்கும் பொது மணி வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. அப் பொது மணிக்கு உள்ளூர்ப் பொழுதின் பெயரையும் பலி கொடுக்க வேண்டுமா என்பதே வினா.

இங்கே தனித்தமிழ் அன்பர்களையும் கேட்கவேண்டியது ஒன்று உளது. ஆண்டைத் தமிழாக்கப் பாடுபட்டனர். 1971 முதல் திருவள்ளுவர் ஆண்டைத் தமிழக அரசு தன் நாட்குறிப்பில் ஏற்றது, 1981 முதல் அலுவல் யாவற்றிலும் ஏற்றது. நன்று. இதழின் தலைப்பில் திருவள்ளுவர் ஆண்டு. கூட்டத்துக்குப் பிந்தி வந்தவரிடம் 'டைமுக்கு வரக் கூடாதா?' என்னும் பேச்சு. வேறு சிலர் நாழிகையை மீட்போம் என்று முழங்குகின்றனர். 24 மணித்துளிக்கு ஒரு முறை அடிக்கும் மணிப்பொறியை எவன் வாங்குவான்? 'மணி' தமிழே, அடிக்கும் ஓசையால் பெற்ற பெயர், அது நிற்கட்டும். விரலை நொடித்தலினின்று வந்த 'நொடி' இருக்க, 'இரண்டாவது' என்று மட்டுமே பொருள்படும் 'செகண்டு' எதற்கு? அதனை விலக்குதல் எளிது. உயிர் போய்க்கொண்டிருப்பது பொழுதுக்கு. புதுச்சொல் ஆக்கும் குழு அதற்குத் தேவையில்லை. பரவைக் கிழவியின் வாயில் ஆயத்தமாய் உள்ளதை, அவள் பேரன் பள்ளிக்குள் நுழையும்போது வாசலில் கழற்றி வைக்கச் சொல்லாதிருந்தால் போதும்.

'பொழுதோட வா' என்று எழுதிய மாணவன் தாளில் அதனைக் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்கும் ஆசிரியர், அதே மாணவன் 'டைமுக்கு வா' என்று பேசுகையில் வாய் திறப்பதில்லை. திருத்தம் அச் சிவப்பு மையிலிருந்து தொடங்குதல் வேண்டும். பிறகு அதே வகுப்பின் சுவரில் உள்ள 'டைம் டேபிள்'. அதனை அழித்துப் 'பாடப் பொழுது' என்று எழுத ஒரு சுண்ணக்கட்டி போதும். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.